மெஷின் வேண்டாம் என்று சொல்ல ஒருவர்

பிப். 3, செவ்வாய்

காலையில் பனி. மாமரம் பூத்திருக்கிறது, பாதி கருகல். மருந்தடிக்க ஆள் சொல்ல வேண்டும்.

தருமபுரி போய் வக்கீலம்மாவைப் பார்த்தேன். உயில் வேலை சுலபம். இண்டூர் வீடு மருமகள் செல்விக்கு, நிலம் மகள் கவிதாவுக்கு. "மருமக வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா வூடு அவங்களுக்கு இல்லன்னு ஒரு வரி போட்டுக்கலாமாங்க?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பண்ணிக்கொண்டால் சந்தோஷம்தான்.

இரண்டாவது காகிதம்தான் யோசனை. நான் நினைவில்லாமல் கிடந்து, இனித் தேற மாட்டேன் என்று டாக்டர்கள் சொன்னால், மெஷின் வேண்டாம். அப்போது எனக்காகப் பேச ஒருவர் பெயர் எழுத வேண்டுமாம். "யோசிச்சு வாங்க. அவசரமில்லீங்க."

அவரைக்காய், சுகர் மாத்திரை வாங்கி வந்தேன். பஸ்ஸில் ஒகேனக்கல் போகும் கூட்டம், உட்கார இடமில்லை.

பிப். 4, புதன்

நர்ஸாக இருந்தவள் நான். எத்தனை வீட்டில் தைரியம் சொல்லியிருப்பேன். மகன் ரமேஷ் சேலத்தில் வென்டிலேட்டரில் கிடந்தபோது டாக்டர் எங்களைத்தான் கேட்டார். பெற்றவள் எனக்கு வாயே வரவில்லை. கவிதா, "எங்கண்ணன் எழுந்திருப்பான்!" என்று கத்தினாள். செல்விதான், "போதுங்க டாக்டர், அவரை விட்டுடுங்க" என்றாள்.

கட்டினவள் சொல் என்று மெஷினை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கவிதா அவளோடு பேசுவதில்லை. பொங்கலுக்கு வந்தாலும் என்னிடம் மட்டும்.

இன்று செல்வியிடம் கேட்டேன். ஜவுளிக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "மறுபடியும் நானாங்க அத்தை?" என்றாள். பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போனாள்.

கேட்டிருக்க வேண்டாமோ.

பிப். 5, வியாழன்

வெயில். முழங்கால் வலி பரவாயில்லை.

ஓசூருக்கு, கவிதாவுக்குப் போன். வீடு, நிலம் விஷயம் சொன்னேன். "சரிம்மா, உன் இஷ்டம்." பிறகு, இரண்டாவது காகிதத்தில் செல்வி பெயர் என்றேன்.

"பெத்த பொண்ணு நான் இருக்கேன். அவ பேரா?"

"உன்னால சொல்ல முடியாது கண்ணு."

"அவளால முடியும். அதாம்மா எனக்குப் பயம்."

"அவளுக்கு மட்டும் சுலபமா இருந்துச்சா? இன்னிக்கும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா கையில இருக்கறத அப்படியே கீழ வெச்சிட்டு நிக்கறா. நீ பாத்ததில்ல."

போனை வைத்துவிட்டாள்.

மருந்தடிப்பவர் வரவில்லை. நாளைக்காம்.

பிப். 7, சனி

மரத்துக்கு மருந்து ஆயிற்று. நாள் முழுக்க நெடி.

செல்வி துணி மடித்தபடியே சொன்னாள்: "எம்பேரு போடுங்க அத்தை. ஆனா தனியா வேணாம். கவிதா பேரும் இருக்கட்டும். ரெண்டு பேரும் சேந்து சொல்றோம்."

"அவ ஒத்துக்கலன்னா?"

"கேட்டுப் பாருங்க. அன்னிக்கு முடிவு சொல்றப்ப அவளை யாரும் கேக்கலீங்க. கத்திட்டு வெளிய போனா, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

இதை நான் யோசித்ததே இல்லை. வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். இரண்டு பெயர் போடலாமாம்.

பிப். 8, ஞாயிறு

கவிதாவிடம் சொன்னேன்.

"அவளேதான் சொன்னாளா?"

"ஆமா."

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "போனை அண்ணிகிட்ட குடும்மா."

செல்வி களி கிண்டிக்கொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "சொல்லு கவிதா" என்றாள். அப்புறம் கேட்டுக்கொண்டே நின்றாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

களி அடிப்பிடிக்கப் பார்த்தது. நான் போய்க் கிண்டினேன்.