உன்னைத் தட்டி இறக்கிய நாள்

மாணவர் அகராதி ஒன்றின் மெய்ப்புத் தாள்கள் திருத்தங்கல் அச்சகத்திலிருந்து இன்று வந்தன. மை வாசனை இன்னும் போகவில்லை. 'வெடித்தல்' என்பதற்கான 'எக்ஸ்ப்ளோட்' என்ற ஆங்கிலச் சொல்லில் என் பேனா நின்றுவிட்டது. அதன் வேர் எக்ஸ்ப்ளோடெரே என்னும் லத்தீன் வினை. பிடிக்காத நடிகனைக் கைதட்டி மேடையை விட்டு விரட்டுவது அதன் நேர்ப்பொருள். ஒருவர் கருத்தை ஏளனம் செய்து ஒதுக்குவது பிறகு வந்தது. நெருப்பு மிகப் பிந்தித்தான் அதில் ஏறியது. சொல்வரலாறுகளை நான் அவ்வளவாக நம்புகிறவள் அல்ல. ஆனால் இந்த வரிசையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் அண்ணனின் பட்டாசு ஆலையில் அன்று ஆயுத பூஜை. விஸ்வநத்தம் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த நீ, அங்கே வெடிமருந்து அடைக்கும் அறையில் இருபது ஆண்டுகளாக வேலை பார்த்தாய். நான் கல்லூரி ஆசிரியை, அதனால் எனக்கு மேடையில் நாற்காலி. நன்றி சொல்லத்தான் உன்னை அழைத்தார்கள். நீ மைக்கைப் பிடித்தாய்.

"மொதலாளி, நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல ஒம்பது பேரு இருக்கோம்."

போர்மேன் சிரித்தபடி எழுந்தார். "மைக்கு கெடச்சா இவ எறங்க மாட்டா. தட்டுங்கலே!"

தட்டினார்கள். சீசன் நேரத்தில் ஆலைக்குப் பூட்டு விழுமோ என்ற பயத்தில் உன் அறைக்காரர்களும் தட்டினார்கள். மைக்கை அணைத்த பிறகும் நீ நிறுத்தவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது: "மருந்துக்குக் கோவம் வந்தா ஓட வாசல் பத்தாது." அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நானும் தட்டினேன். நீ இறங்கிப் போனாய்.

அடுத்த வாரம் காலை பதினொரு மணிக்கு உன் அறை வெடித்தது. நான் போனபோது கூரை இல்லை. கதவு கருவேல மரத்தில் தொங்கியது. வாசலில் நாலு பேர் ஒருவர்மேல் ஒருவராகக் கருகிக் கிடந்தார்கள். உன் வலது கை மட்டும் தனியே ஓடைக்குள் கிடந்தது. சிறுவயதில் முள்கம்பி கிழித்த தழும்பைப் பார்த்து, அது நீதான் என்று சொன்னவள் நான்.

போன மாதம் உன் மகள் கல்லூரிக்கு வந்தாள்.

"டீச்சர், அம்மா அன்னைக்குக் கடைசியா என்ன சொன்னாக? நான் பின்னால நின்னேன். தட்டுன சத்தத்துல கேக்கலை."

ஒரு சொல் விடாமல் சொன்னேன். பிறகு, "நானும் தட்டினேன்மா" என்றேன்.

"தெரியும் டீச்சர். அங்கன நின்னா பேச்சுதான் கேக்காது. மேடை நல்லாத் தெரியும்."

அவள் போய்விட்டாள். அவள் சொன்னதை உன் குரலில்தான் இன்னும் கேட்கிறேன்.