எட்டுத் துண்டும் தலைகீழ்

ஜூன் 3, செவ்வாய்

கொழுந்தன் நம் குடைக்கடை வேலையை விட்டுப் போய்விட்டான். போனவன் கண்ணுக்கு எட்டாத இடமாகப் பார்த்துப் போயிருக்கலாம். எதிர்வரிசையில், குவளையில் படம் அச்சடிக்கிற கடையில் போய் உட்கார்ந்திருக்கிறான். கல்லாவில் உட்கார்ந்தால் அவன் முதுகுதான் தெரிகிறது. முதுகுக்கும் கோபம் வரும் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? இறுதிச் சடங்கு நிறுவனத்துக்காரர் வந்து, மாதிரிக் குடை ஏன் இன்னும் தயாராகவில்லை என்று கேட்டார். "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்தான் செய்யுது, இவரு சும்மா மவுஸைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றேன். அவரைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் தொழிலில் அந்தப் பழக்கம் கிடையாது போல. கொழுந்தன் மெதுவாக எழுந்தான். "அப்ப நீங்களே பிடிச்சுக்குங்க அண்ணி." அவ்வளவுதான், போய்விட்டான்.

ஆயிரம் கறுப்புக் குடை. எட்டுத் துண்டுத் துணியிலும் வெள்ளை எழுத்தில் அவர்கள் வாசகம்: "கடைசி வரை கூட வருவோம்." வெள்ளிக்கிழமைக்குள் மாதிரிக் குடையைக் காட்டாவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவார். மழை ஏமாற்றிய வருஷம் இது. இந்த ஆர்டரும் போனால் கடையில் நானும் ஈயும்தான்.

கொழுந்தனைக் கெஞ்சிக் கூப்பிட மாட்டேன். நடைபாதையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் குடை விற்று முன்னுக்கு வந்தவள் நான். ஒரு வட்டத்தைச் சுற்றி எட்டு வரி வைக்க எனக்குத் தெரியாதா?

ஜூன் 4, புதன்

தெரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

எழுத்தை ஒரு தடவை தட்டினால் நாலு மூலையிலும் அம்புக்குறி வருகிறது. இழுத்தால் வரி பெரிசாகிறது. இன்னொரு தடவை தட்டினால் அம்புகள் வளைந்துகொள்கின்றன. இப்போது இழுத்தால் வரி சுழல்கிறது. ஆனால் எங்கே சுழல்கிறது? நின்ற இடத்திலேயே, படுப்பதற்கு முன்னால் நாய் சுற்றுகிற மாதிரி. எனக்கு அது வட்டத்தைச் சுற்றி வர வேண்டும்.

விடுதியில் இருக்கும் மகளுக்கு போன் போட்டேன். வரியின் நடுவில் சின்னதாக ஒரு கூட்டல் குறி இருக்கும், அதை இழுத்து வட்டத்தின் நடுவில் வைக்கச் சொன்னாள். "எதைச் சுத்தணும்னு நீதாம்மா சொல்லணும். சொல்லலைன்னா அது தன்னையே சுத்தும்."

"உங்கப்பா மாதிரியா?"

"அவர் எங்கம்மா சுத்துறாரு, உக்காந்தேதானே இருக்காரு."

கூட்டல் குறியை நடுவில் வைத்து, வரியைப் பிரதி எடுத்து எடுத்துக் கையாலேயே சுழற்றினேன். என் கண்தான் எனக்கு அளவுகோல். குடைத் துணியில் ஒரு நூல் விலகினாலும் சொல்லிவிடுவேன். இங்கே அந்தப் பெருமை செல்லவில்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கூடி, எட்டாவது வரி முதல் வரியின் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மறுபடி மகள். கோணத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறதாம், எண்ணையே அடிக்கலாமாம். முந்நூற்றறுபதை எட்டால் வகுத்து நாற்பத்தைந்து என்று அடித்தேன். அடிக்க அடிக்க வரிகள் வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. மயிரிழை பிசகில்லை.

இதற்குத்தானா இந்தக் கொழுந்தன் இத்தனை வருஷம் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்? துணி அச்சுக்குப் போய்விட்டது.

ஜூன் 6, வெள்ளி

மானம் போச்சு.

மேல்துண்டில் இருக்கிற வரியைத்தான் முதலில் நேராக எழுதினேன், திரையில் படிக்க வசதியாக. அதாவது எழுத்தின் கால் வட்டத்தின் நடுவைப் பார்த்து இருக்கிறது. அதையே சுற்றிச் சுற்றி எட்டாக்கினேன். குடையில் நடு மேலே இருக்கும், ஓரம் கீழே இருக்கும். இது குடை பிடித்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு எங்கே போச்சு புத்தி?

சடங்கு நிறுவனத்துக்காரர் முன்னால் பட்டென்று விரித்தேன். எட்டுத் துண்டிலும் "கடைசி வரை கூட வருவோம்" தலையில் நிற்கிறது. அவர் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். பிறகு அதே துக்க வீட்டுக் குரலில் சொன்னார்: "எங்க கஸ்டமர் யாராவது படுத்தபடி படிச்சாத்தான் உண்டும்மா."

அவருக்கும் நகைச்சுவை உண்டு என்று தெரிந்த நேரம் பார். திங்கள்கிழமை வரை பொறுத்துக்கொள்கிறாராம். எதிர்க்கடையில் முதுகு கொஞ்சம் குலுங்கின மாதிரி இருந்தது. இருமலாகவும் இருக்கலாம்.

ஜூன் 7, சனி

தலைகீழாக இருந்தால் என்ன, நேராக்கினால் போச்சு என்று எட்டையும் மொத்தமாகப் பிடித்து, நூற்றெண்பது அடித்துத் திருப்பினேன். அசையவில்லை. மறுபடி அடித்தேன். அதே படம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மவுஸை மாற்றினேன். கத்தினேன். எட்டும் தலைகீழாகவே நின்று என்னைப் பார்க்கின்றன. ஏன்தான் இந்தப் பாழாப்போன தொழிலுக்கு வந்தேனோ —

வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்காமலே சொன்னார்: "எல்லாத்தையும் சேத்துச் சுத்துனா ஒண்ணு இருந்த எடத்துக்கு இன்னொண்ணு வரும். ஒனக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?"

கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான வாக்கியம். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வந்தாலும் உருப்படிதான்.

கூட்டல் குறியை அந்தந்த வரியின் நடுவிலேயே வைத்து, தனித்தனியாக நூற்றெண்பது அடித்தேன். ஒவ்வொன்றாக எழுந்து காலில் நின்றது.

ஜூன் 9, திங்கள்

விரித்தேன். அவர் குடையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று நடந்தார். "அச்சடிங்க" என்றார். முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. நான் மவுஸோடு மல்லுக்கட்டிய நாளெல்லாம் கல்லாவில் வீட்டுக்காரர் இருந்தார். ஒருவனுக்கு நல்ல குடையைக் கடனாகக் கொடுத்திருக்கிறார், மழை விட்டதும் கொண்டுவந்து தருவானாம். அச்சுக்கு இன்னும் நாலு சில்லறை ஆர்டர் வரிசையில் நிற்கிறது. ஒன்று பத்துக் கம்பிக் குடை, முப்பத்தாறு முப்பத்தாறாகச் சுற்ற வேண்டும். செய்துவிடுவேன். ஆனால் நான் குடை விற்கப் பிறந்தவள். திரையைப் பார்த்துக் கத்தப் பிறந்தவள் இல்லை.

அதுவும் இல்லை காரணம். உண்மையை எழுத வேண்டியதுதானே, யார் படிக்கப் போகிறார்கள்? அவன் செய்கிறது வேலை. நான் அதைச் சும்மா என்று சொன்னேன், அதுவும் மூன்றாம் மனிதர் முன்னால்.

ஜூன் 10, செவ்வாய்

குவளைக் கடைக்குப் போனேன். முதலாளி எனக்கு ஏதோ குவளை வேண்டும் போலிருக்கிறது என்று ஓடி வந்தார். அவரைக் கை காட்டி நிறுத்திவிட்டு, நேராக அவன் மேசைக்குப் போனேன்.

"கம்ப்யூட்டர் செய்யல தம்பி. நீதான் செஞ்ச. தப்பாச் சொல்லிட்டேன்."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொத்தமாப் பிடிச்சு எத்தனை தடவ திருப்புனீங்க அண்ணி?"

"எண்ணல."

"நான் மொதல் மாசம் ஒரு நாள் பூராத் திருப்புனேன்." பிறகுதான் என்னைப் பார்த்தான். "இனிமே ஆளுங்க முன்னாடி பேச மாட்டீங்களா?"

பேச மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய் எனக்குத் தெரியாதா? "பேசுவேன். எனக்கு அடக்க வராது. ஒரு ரூம் தடுத்துக் கதவு போட்டுத் தர்றேன். ஆளு வந்தாச் சாத்திக்க."

அவன் மறுபடி திரைக்குத் திரும்பிவிட்டான். ஏதோ ஒரு குவளைக்கு யாரோ ஒரு குழந்தையின் படத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

ஜூன் 14, சனி

தச்சர் வந்து தடுப்புப் பலகை அடித்தார். கதவை மாட்டிவிட்டு, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டார். உள்பக்கம் என்றேன்.

மேசைக்கு அடியில் ஒயர்களைச் சொருகிக்கொண்டிருந்த கொழுந்தன் தலையைத் தூக்காமலே, "ரெண்டாப் போடுங்க" என்றான்.