முன்னால் போன கொலுசு

பேரையூர்
கார்த்திகை 12

அன்பு மகள் பவதாரிணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே டப்ளின் குளிரில் நைட் டியூட்டி முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்கிறாயா என்பதுதான் எங்கள் கவலை. உன் தம்பி அருண்பாண்டிக்குக் கப்பலூர் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. இனி எழுதப்போவதைப் போனில் சொன்னால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பாள், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்து வருகிறவர்களைக் காடுகரையெல்லாம் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் அல்லவா, போன மாதம் ஒன்பது பேர் வந்தார்கள். கண்மாய்க்கரை வழியாகப் போய்ப் பருத்தி, மக்காச்சோளம் காட்டி, அடுத்த ஊரில் கம்மங்கூழ் குடித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். அன்றைக்கு மழையில் கரை அரித்துக் கிடந்ததால், வீரணன் என்பவருடைய தரிசு நிலத்தில் குறுக்கே இறங்கிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

வந்தவர்களில் சிவபாண்டி என்று ஒருவர், மதுரை ஒத்தக்கடை ஊர்க்காரர், பேங்கில் வேலை, பிறவியிலேயே பார்வை கிடையாது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார், பின்னால் அவர் மனைவியும் ஏழு வயது மகளும். நான் முன்னால் ஓடட்டுமா என்று அந்தப் பிள்ளை கேட்டது, ஓடு தாயி என்று சொல்ல நான் வாயெடுத்தேன், அதற்குள் சிவபாண்டி என் தோளை இறுக்கிப் பிடித்து நின்றுவிட்டார். அண்ணே, முன்னாடி போறவுக ஏன் நின்னுட்டாக என்று கேட்டார். எனக்கு முன்னாடி யாருமில்லையே தம்பி என்றேன். இல்லண்ணே, கரையிலருந்தே ஒரு பொம்பளையாளு கொலுசு போட்டுக்கிட்டு முன்னாடி போனாக, அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் தைரியமா நடந்து வாரேன், இப்ப நின்னுருச்சு என்றார்.

காலை பத்தரை மணி வெயில், முழங்கால் உயரப் புல், கண்ணுக்கெட்டிய மட்டும் ஆளில்லை. சிரித்துக்கொண்டே காலெடுத்து வைக்கப் போனேன், அவர் விடவில்லை. சரியென்று கையிலிருந்த கம்பை முன்னால் ஊன்றினேன், அது பாட்டுக்கு உள்ளே இறங்கியது. அடுத்த நொடி புல்லும் மண்ணும் மொத்தமாகச் சரிந்து, கட்டில் அகலத்துக்குக் கிணறு வாய் திறந்தது. எப்போதோ முள்ளை வெட்டிப்போட்டு மூடியது, மேலே மண் படிந்து புல் முளைத்திருக்கிறது. மண் அடியில் போய் விழுந்த சத்தம் கேட்க வெகுநேரமானது. அந்தப் பிள்ளையை என் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன் தாயி.

சத்தம் கேட்டு வீரணனும் அவர் மனைவி நாகஜோதியும் ஓடிவந்தார்கள். சிவபாண்டி கேட்ட கொலுசுச் சத்தத்தைச் சொல்லி, இதில் யாராவது விழுந்திருக்கிறார்களா என்று வீரணனிடம் கேட்டேன். அவர் கிணற்றையே பார்த்தார், பிறகு, வெயிலு ஏறுதுண்ணே, கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க என்றார், அவ்வளவுதான். நாகஜோதிதான் தண்ணீர்ச் செம்பைக் கொடுக்கிற சாக்கில், நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து அந்தக் கொலுசுச் சத்தத்தக் கேக்குறேண்ணே என்றது. பயமாயில்லையா என்றேன். பின்னாடி வந்தாத்தானண்ணே பயம், அது முன்னாடியில்ல போகுது என்றது.

மறுவாரமே வீரணன் டிராக்டரில் மண் அடித்துக் கிணற்றை மூடிவிட்டார். இரண்டு ஞாயிறு நான் போகவில்லை. போன ஞாயிறு போனேன், இந்தத் தடவை வீரணனிடம் கேட்டுக்கொண்டுதான் நிலத்தில் இறங்கினேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் அந்த இடம் நெருங்கியதும், பின்னால் வந்தவர்கள் ஏன் நடையைக் குறைத்துவிட்டீர்கள் என்று கேட்டார்கள். அப்போதுதான் கவனித்தேன், எனக்கு முன்னால் ஓர் ஆள் போகிற அளவுக்கு இடம் விட்டு நடந்துகொண்டிருந்தேன்.

பழக்கமில்லாத பாதையில், பனி மூடிய தரையில் அவசரப்பட்டுக் கால் வைக்காதே. மீனாட்சி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள், என் ஆசீர்வாதமும் அம்மாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு. போனில் அம்மாவிடம் இதை உளறிவிடாதே.

உன் அப்பா
கண்ணுச்சாமி