நிலானி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள், அக்கா

என்ரை அன்பு அக்கா,

மத்தியானச் சாப்பாட்டு நேரம். வேலை செய்கிற கந்தோருக்குக் கீழே, மழை படாத மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இருந்தபோது இந்த நேரத்துக்குத்தான் உனக்கு போன் எடுப்பேன். "என்னடி சாப்பிட்டனி?" என்று கேட்பாய். நான் பதில் சொல்லி முடிக்குமுன் உன் சின்னவன் கவின் எதையாவது கொட்டிவிடுவான். நீ போனை வைத்துவிட்டு ஓடுவாய்.

நீ மாசியில், இந்த நாட்டுக் கோடை வெயிலில் போனாய். டொக்டர் ஒரு வருடம் இருக்கும் என்றுதான் சொன்னார். நீ அந்தக் கோடையைக்கூடத் தாண்டவில்லை. இப்போது இலையுதிர்காலமும் முடிந்து குளிர் தொடங்கிவிட்டது. ஒரு பருவம் முழுவதும் உனக்குத் தெரியாமல் இந்த வீட்டுக்குள் நடந்திருக்கிறது. அதை யாருக்குச் சொல்வது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, விசாவும் முடிந்து, அம்மா ஊருக்கு, கொக்குவிலுக்குத் திரும்பிப் போனா. நான் நகரத்தில் இருந்த அறையை விட்டுவிட்டு இரண்டு பையோடு ஒனிஹங்காவுக்கு, உன் வீட்டுக்கு வந்தேன். வா என்று யாரும் கேட்கவில்லை. அத்தான் விடியவே வயர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரண்ட் வேலைக்குப் போகிற ஆள். பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றி, கொண்டுபோய்க் கிண்டிப் பாலர் பள்ளியில் விட ஒருவர் வேண்டும். அது நான்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுபோல நடந்துவிட்டது.

முதல் கிழமைகளில் உன் மூத்தவள் நிலானி உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சித்திரையில் குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினோமே, அதற்குப் பிறகுதான் தொடங்கினாள். திடீரென்று பின்னேரமே இருட்டிவிட்டது. கிண்டியிலிருந்து வந்த பிள்ளை சப்பாத்தைக் கழற்றாமல் யன்னலடியில் போய் நின்றாள். "அம்மாவுக்கு இருட்டுக்குள்ளை வழி தெரியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் லைட்டைப் போட்டேன். வேறு என்ன செய்ய, அக்கா? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

பின்வளவில் பெய்ஜோவா மரம் இந்த வருடம் பழத்தைக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒரு சனிக்கிழமை, மழை விட்ட நேரம், பிள்ளைகள் இரண்டும் ரப்பர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு வாளிக்குள் பழம் பொறுக்கின. அத்தான் ஏணியில் ஏறிக் கூரைப் பீலியில் அடைத்திருந்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார். கவின் ஒரு பழத்தைத் தோலோடு கடித்துவிட்டு, மிச்சத்தை என்னிடம் நீட்டினான்.

"அம்மா, இந்தா."

எனக்குக் கை வரவில்லை. நிலானி வாளியை நிலத்தில் வைத்தாள். "அது சித்தி. அம்மா செத்துப் போயிட்டா" என்று தமிழில் சொன்னாள். அழவில்லை. இது பச்சை, இது மஞ்சள் என்று தம்பிக்கு நிறம் சொல்லிக் கொடுப்பாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள். கவின் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி "அம்மா, இந்தா" என்றான்.

நான் பழத்தை வாங்கினேன். அத்தான் ஏணியால் இறங்கி கராஜுக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதற்கடுத்த கிழமைதான் அம்மா போன் எடுத்தா. பிள்ளைகள் சாப்பிட்டினமா, குளிருக்குக் கம்பளிச் சட்டை போடுறவையா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கமராவைத் தன் முகத்திலிருந்து கொஞ்சம் திருப்பினா. எனக்கு அப்பவே தெரியும், ஏதோ வருகிறது என்று.

"உனக்கும் முப்பது தாண்டீட்டுது பிள்ளை. உன்ரை அத்தான் ரமணனும் எவ்வளவு காலத்துக்குத் தனிய இருக்கப்போறான்? நாளைக்கு எவளோ ஒருத்தி வந்து என்ரை பேரப்பிள்ளையளை என்ன பாடு படுத்துவாளோ ஆருக்குத் தெரியும்? நீ எண்டால் அதுகளுக்கு வித்தியாசமே தெரியாது."

பிறகு அழுதா. அம்மாவோடு கோபிக்க என்னால் முடியவில்லை, அக்கா. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு அவ்வளவு தூரத்தில் இருக்கிறா. அங்கிருந்து அவவால் செய்யக்கூடிய ஒரே காரியம் இதுதான். ஆனால் 'வித்தியாசம் தெரியாது' என்றது மட்டும் நெஞ்சில் கிடந்து குத்தியது. வித்தியாசம் தெரியாது என்று எப்படிச் சொல்லலாம்? பெய்ஜோவா மரத்தடியில் நின்ற அந்த நாலு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது.

மெல்பேணில் இருக்கும் அத்தானின் தமையனும் அதையேதான் அவருக்குச் சொல்லியிருக்கிறார். நானும் அத்தானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஆனால் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. நான் சமைக்கிற நேரம் தன் சொந்தக் குசினிக்குள் வரமுன் மனுஷன் செருமத் தொடங்கினார். இரவுச் சாப்பாட்டை வழியிலேயே வேலை வானுக்குள் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் என் உடுப்புகளைக் கொடியில் போடாமல் அறைக்குள்ளேயே காயப்போட்டேன். அதுவரை கவினின் சளியையும் கரண்ட் பில்லையும் பற்றிச் சாதாரணமாகக் கதைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல் கோப்பை கழுவினோம். "நீங்களும் அப்பாவும் சண்டையா?" என்று நிலானி கேட்டாள்.

ஜெரோமைப் பற்றி உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் கிளென்ஃபீல்டில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிற மன்னார்ப் பெடியன், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், அம்மா என்ன சொல்லப்போறாவோ என்று நான் நடுங்கியபோது நீ சிரித்தாய். "அம்மாவுக்கு நான் சொல்லுறன். நீ வாயைத் திறவாதை" என்றாய். நான் திறக்கவில்லை. பிறகு உனக்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரி என்று ஆகிவிட்டது.

அவனிடம் எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொன்னேன். "எனக்கு அவசரமில்லை. நீ பிள்ளையளைப் பார்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்? கிழமைக்கணக்காக நான் அம்மாவுக்கு ஓம் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கவின் என் தோளில் நித்திரையாகும்போது, அவன் மூச்சு என் கழுத்தில் படும்போது, இதற்காக எதையும் விடலாம்போலத் தோன்றும். பிறகு உன் கோட் கொழுவியிருக்கிற இடத்தைக் கண்டால் அப்படியே நின்றுவிடுவேன். உன்னுடைய இடத்தில் நான் எப்படிப் போய் நிற்பது?

ஆனி தொடங்கியதும் குளிர் பிடித்தது. உனக்குத் தெரியும்தானே அந்த வீட்டின் ஈரம். காலையில் யன்னலெல்லாம் தண்ணீர் வழியும், துவாயால் ஒற்றி ஒற்றி எடுக்கவேணும். ஒரு காலை கவினை எழுப்பப் போனேன். பிள்ளை எழும்பி இருந்தான், ஆனால் அழவில்லை. மூச்சு எடுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. சொண்டு வெளிறிப்போயிருந்தது. அத்தானுக்கு போன் எடுத்தேன். "வாறன்" என்று மட்டும் சொன்னார். பாதி வழியில் வானைத் திருப்பிக்கொண்டு வந்தார். நிலானியைக் கிண்டியில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அவர்கள் உடனே பார்த்தார்கள். முகத்தில் மாஸ்க் வைத்ததும் கவின் திமிறினான். நேர்ஸ் என்னைத் தாயென்று நினைத்து, "மம், பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடியுங்கள்" என்றா. நான் பிடித்தேன். திருத்தவேணுமா, விடவேணுமா என்று தெரியாமல் அத்தானைப் பார்த்தேன்.

"இவ பிள்ளைக்கு அன்ரி. அம்மா காலமாகீட்டா" என்று அத்தான் அமைதியாக அந்த நேர்ஸுக்குச் சொன்னார். அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொன்னதை அன்றுதான் முதன்முதல் கேட்டேன். நேர்ஸ் கொஞ்ச நேரம் அவர் தோளில் கை வைத்துவிட்டுப் போனா.

மத்தியானமளவில் கவினின் மூச்சிரைப்பு இறங்கியது. என் மடியிலேயே நித்திரையாகிவிட்டான். அத்தான் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டார்.

"உம்மோடை ஒண்டு கதைக்கவேணும். கன நாளா யோசிக்கிறன்."

"அம்மா உங்களோடை கதைச்சவவோ, அத்தான்?"

"மாமியும் கதைச்சவ. அண்ணையும் கதைச்சவர். அவை நல்லதுக்குத்தான் சொல்லுகினம். ஆனா என்னாலை ஏலாது. கௌரியை நான் பொம்பிளை பார்க்க வந்த நேரம், நீர் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடை வந்து எனக்குத் தேத்தண்ணி தந்தனீர். அண்டையிலிருந்து நீர் எனக்குத் தங்கச்சிதான்." நித்திரையான கவினைப் பார்த்தார். "பிள்ளையளுக்காக ஓமெண்டு சொல்லிப்போடுவீரோ எண்டுதான் எனக்குப் பயமா இருந்தது."

"நானும் சொல்லத்தான் இருந்தனான்."

"தெரியும். முகத்திலை தெரிஞ்சது." கவினின் காலைப் போர்வையால் மூடிவிட்டார். "நீர் சொன்னால் அந்த மன்னார்ப் பெடியன் என்ன செய்யிறது?"

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"கொக்கா, கௌரிதான். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டுச் சொன்னவள்."

உன் வாயில் ஒரு ரகசியமும் நிற்காது என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதற்காக உன்னோடு எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன். அன்று அந்த வார்ட்டில், கவின் எழும்பிவிடுவானோ என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு அது அழுகையாகிவிட்டது. அத்தான் மறுபக்கம் திரும்பித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கவின் வீட்டுக்கு வந்தபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் எடுத்தோம். அத்தான் எனக்குப் பக்கத்திலேயே இருந்தார். நான் ஜெரோமின் பெயரைச் சொன்னேன். அம்மா கமராவுக்குக் கிட்ட வந்தா.

"வேதக்காரரோ?"

"ஓம், அம்மா."

"அப்ப இந்தப் பிள்ளையள்?"

நான் வாயைத் திறக்குமுன் அத்தான் குனிந்து கமராவுக்குள் வந்தார். "மாமி, பிள்ளையளுக்குத் தகப்பன் நான் இருக்கிறன். இவ சித்தியா இருக்கட்டும். சித்தி ஒருத்தி இருக்கிறதே அதுகளுக்குப் பெரிய காரியம். இவவின்ரை வாழ்க்கையையும் சேர்த்து எடுத்துப்போட்டு நான் கௌரிக்கு என்ன பதில் சொல்லுறது?"

அம்மா போனை வைத்துவிட்டா. நான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்தநாள் அவவே எடுத்தா. கவினுக்கு மூச்சு எப்படி, மருந்து எத்தனை தரம் என்றெல்லாம் கேட்டா. வைக்கப்போகிற நேரம், "அந்தப் பெடியன் பிள்ளையளோடை எப்பிடி?" என்று கேட்டா. இன்னும் ஓம் சொல்லவில்லை. ஆனால் கேட்டா, அக்கா.

அத்தான் வேலையிடத்தில் கதைத்துக் காலை நேரத்தை மாற்றிவிட்டார். இப்போது பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவது அவர்தான், கூட்டிக்கொண்டு வருவது நான். ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்றும் வாங்கிப் பிள்ளைகளின் அறைக்குள் வைத்திருக்கிறார். இந்தக் குளிர்காலம் முடியும்வரை நான் ஒனிஹங்காவில்தான். கலியாணம் என்று வந்தால், பாலத்துக்கு இந்தப் பக்கம், பிள்ளைகளுக்குக் கிட்ட, வீடு பார்ப்போம் என்று ஜெரோமே சொல்லிவிட்டான்.

இனித்தான் பெரிய செய்தி. போன கிழமை உன் மகளுக்கு ஐந்து வயது. கேக் வெட்டி முடிந்த அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம். வாசலில் கையை விட்டுவிட்டு, "நீங்கள் போகலாம்" என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொன்னாள். அத்தான்தான் போகமாட்டாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் கூட்டப் போனேன். சப்பாத்தும் காலுறையும் பைக்குள் இருந்தன. குளிருக்குள் வெறுங்காலோடு வந்தாள். மற்றப் பிள்ளைகளும் அப்படித்தானாம்! நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஒரு பிரசங்கம் வைத்திருப்பாய்.

மட்டரிக்கி வருகிறதல்லவா, இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிக்காரரின் புத்தாண்டு. அந்த வருடம் இறந்தவர்களின் பெயரைச் சொல்லி நினைப்பது அவர்களின் வழக்கம். ரீச்சர் வகுப்பில் அதைச் சொல்லி, விரும்பினவர்கள் ஒரு பெயர் சொல்லலாம் என்றாவாம். ஒரு பெடியன் தன் நாயின் பெயரைச் சொன்னானாம். நிலானி எழும்பி, "கௌரி" என்றாளாம். அம்மா என்று சொல்லாமல் ஏன் பெயரைச் சொன்னாய் என்று கேட்டேன். "அம்மா எண்டு சொன்னால் எல்லாருடைய அம்மாவும் வந்திடுவினம்" என்றாள்.

வீதியைக் கடந்தோம். பிறகு என் கையை இழுத்தாள்.

"நான் ஸ்கூல் போனது அம்மாவுக்குத் தெரியுமா, சித்தி? இல்லாட்டி ஆரும் சொல்லவேணுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்ட விதம், யாரும் சொல்லாவிட்டால் உனக்குத் தெரியாமலே போய்விடும் என்பதுபோல இருந்தது. "நான் சொல்லுறன்" என்றேன்.

"எல்லாத்தையும் சொல்லவேணும்" என்றாள். அதனால் சொல்கிறேன், கேள். அவள் அழவில்லை. பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் பெயர் மேரே. சாப்பாடு முழுவதும் சாப்பிட்டாள், கரட்டை மட்டும் விட்டுவிட்டாள். தன் பெயரைத் தானே எழுதினாள், முதல் எழுத்து மட்டும் திரும்பிப்போய்விட்டது. ஊஞ்சலில் உயரமாக ஆடினாள், பயமில்லை.

இனி ஒவ்வொன்றையும் சொல்வேன், அக்கா. கவினின் முதல் பள்ளிக்கூட நாளையும், விழப்போகிற பற்களையும், அவர்கள் உன்னோடு கோபிக்கப்போகிற நாட்களையும். எந்த வீட்டில் நான் இருந்தாலும் அது என் வேலை. நீ கேட்டுக்கொண்டிரு.

மேல் மாடியில் தேடப்போகிறார்கள். நான் போகவேணும்.

உன்ரை பிள்ளைகளின் சித்தி,
என்றைக்கும் உனக்குத் தங்கச்சி