பலகையில் எல்லாச் சாவியும் இருந்தன

அன்புள்ள கண்ணம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர மற்றதெல்லாம் சுகம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்பா ஓய்வு பெற்ற பிறகு அடுப்படியைக் கைப்பற்றிவிட்டார், உப்புதான் இன்னும் பிடிபடவில்லை. போனில் என் குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று கேட்டாயே, அவர் பக்கத்தில் இருந்ததால் மழுப்பிவிட்டேன், சொன்னால் வேலையை விடு என்பார்.

எங்கள் ஆய்வுக்கூடச் சுரங்கத்தில் அணுத்துகள்களை மோதவிடும்போது உள்ளே ஆள் இருந்தால் கதிர்வீச்சில் உயிர் தப்பாது. அதனால் உள்ளே போகிறவர் ஒவ்வொருவரும் வாசல் பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் போக வேண்டும், எல்லாச் சாவியும் திரும்பினால்தான் இயந்திரம் ஓடும். போன வாரம் பழுதுபார்ப்பு முடிந்த அன்று நான்தான் பொறுப்பு. சாவிகள் எல்லாம் பலகையில் இருந்தன, உள்ளே ஒரு சுற்று தேடிப் பார்த்தும் ஆயிற்று. கதவைப் பூட்டப் போகிறேன், உள்ளே யாரோ குழாயைத் தட்டுகிற சத்தம். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும். இரும்பு குளிர்ந்தா அப்படித்தான் கேக்கும், மாசக்கணக்கா காத்துக் கெடக்கோம், ஆரம்பிங்க என்று எரிந்து விழுந்தார் எங்கள் தலைவர். எனக்குக் கை வரவில்லை. திட்டு வாங்கிக்கொண்டே டார்ச்சோடு உள்ளே போனேன். காந்தங்களுக்குப் பின்னால் இடுக்கில் எங்கள் வெல்டர் ஏணியோடு விழுந்து கிடந்தார். தனக்கு முன்னால் போனவர் திறந்த கதவு வழியாகவே, தனக்கென்று சாவி எடுக்காமல் நுழைந்திருக்கிறார். தலையில் பலத்த அடி, நினைவே இல்லை. இந்த நிலையில விரலைக்கூட அசைச்சிருக்க முடியாது என்றார் டாக்டர். அப்படியானால் தட்டியது யார்?

வெல்டர் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, மேடம், நீங்க வர்ற வரைக்கும் ஒரு பெரியவர் பக்கத்துலயே உக்காந்து தூங்கிடாதப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே, அவரை ஒருதடவை பாக்கணும் என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடிபட்ட மூளை என்னென்னவோ காட்டும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இனி பூட்டுமுன் உள்ளே குரல் கொடுக்க வேண்டும் என்று தலைவரே விதி போட்டார். நேற்று, உள்ளே யாராவது இருக்கீங்களா என்று கூப்பிட்டேன். இருட்டிலிருந்து நிதானமாக, நான் மட்டும்தாம்மா, நீ பூட்டிக்கோ என்று பதில் வந்தது. மறுபடி போய் மூலைமுடுக்கெல்லாம் பார்த்தேன் கண்ணு, ஒருவரும் இல்லை. வெளியே வந்து பூட்டினேன். இயந்திரம் ஓடுகிறது. நாளைக்கும் என் முறைதான்.

நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என் தங்கமே. தனியாக இருக்கிறாய், பக்கத்து வீட்டாரோடு தினம் ஒரு வார்த்தையாவது பேசு, மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா