சஃபியா வீட்டுக் கிணறு

11 ஜனவரி 2013, வெள்ளி
கீழ்வேளூர்

இந்த நேரத்துக்கு உன்னைத் திறந்ததற்கு மன்னித்துக்கொள். அனீஸா இப்போதுதான் தூங்கினாள். பெட்டி இன்னும் பாதிதான் கட்டியிருக்கிறேன். நோட்டுப் புத்தகத்திடம் மன்னிப்புக் கேட்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பயணம். திருச்சி, கொழும்பு, மாலே, அங்கிருந்து படகு. அனீஸாவின் அத்தா பாசித் மாலத்தீவில் ஒரு தீவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம். அவர் போகும்போது அனீஸாவுக்கு நடக்கத் தெரியாது. இப்போது கம்ப்யூட்டரைக் காட்டி "அத்தா உள்ள இருக்காங்க" என்கிறாள். அத்தா கம்ப்யூட்டருக்குள் இல்லை என்று அவளுக்குக் காட்டத்தான் போகிறோம். முடிந்தால் அங்கேயே தங்கிவிடத்தான்.

மாமிக்கு ஒரே கவலை. "அங்க தண்ணி எப்புடியோ? பேசாம பஞ்சநதத்தையும் கூட்டிக்கிட்டுப் போ, ஒரு போர் போட்டுக் குடுப்பான்." சொல்லிவிட்டு அவர்களே சிரித்தார்கள். நம் வீட்டு போர்வெல் கதை அப்படி. மேலே இருந்ததெல்லாம் உப்பு. பஞ்சநதம்தான் விடாமல் இறக்கினார், "இன்னும் கீழ போனா நல்ல தண்ணி இருக்கு, நம்புங்க" என்று. இருந்தது. மாமி குடும்பம் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தை விட்டு இங்கே வந்தது. அந்தத் தண்ணீர் வந்த அன்றைக்குத்தான் மாமி வாசல் ஓரம் கட்டி வைத்திருந்த பையைப் பிரித்தார்களாம். ஓட வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வைத்திருந்த பை.

வெளியே சம்பா கருகி நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் வராத வருடம். எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறார்கள், நான் கடல் பார்க்கப் போகிறேன்.

21 ஜனவரி, திங்கள்
தீவு

படகில் முழுவதும் அனீஸாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். விரல் இன்னும் வலிக்கிறது.

படத்தில் பார்த்த அதே நிறம். அடி மணல் தெரியும் தண்ணீர். அழகுதான், இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் தீவை எதிர்முனை வரைக்கும் நடந்துவிட்டேன், அனீஸாவைத் தூக்கிக்கொண்டே. கையகல நிலம். நாலு பக்கமும் கடல் சத்தம். பிள்ளை எந்தப் பக்கம் ஓடினாலும் தண்ணீர்.

அத்தாவிடம் போக மாட்டேன் என்று அழுதாள். பாசித் முகம் சுண்டிப்போனது. பிறகு ஒரு நண்டைப் பிடித்துக் காட்டினார். போனாள்.

24 ஜனவரி, வியாழன்

இவர் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் பத்து அறை. ஊர் நடுவே இருக்கிறது. இந்தத் தீவில் மட்டும் அப்படி ஏழெட்டு முளைத்துவிட்டனவாம், எல்லாம் இரண்டு மூன்று வருடத்துக்குள். முன்னெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குத் தனித் தீவு. இப்போது ஊருக்குள்ளேயே வருகிறார்கள். அவர்கள் குளிக்கும் கரையைத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி மறைத்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் சாயங்காலம் உட்கார்ந்து பேசிய இடமாம் அது.

சொன்னது கெஸ்ட் ஹவுஸுக்குப் பக்கத்து வீட்டு சஃபியா. அறுபது இருக்கும். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் புருஷனுக்கு வைத்தியம் பார்க்கப் போய் மாதக்கணக்கில் தங்கியவர். அந்த மலையாளமும் என் தமிழும் எப்படியோ ஒத்துப்போகின்றன. நான் லாத்தா என்று கூப்பிட்டேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். அக்கா என்றேன். "உன் அம்மா வயசு எனக்கு, இருந்தாலும் சரி, அக்காவே வச்சுக்க. இளமையா இருக்கு" என்றார்.

30 ஜனவரி, புதன்

அனீஸாவைத் தினமும் சஃபியா முற்றத்தில்தான் குளிப்பாட்டுகிறேன். அங்கே ஒரு கிணறு, குனிந்தால் தொட்டுவிடலாம், அவ்வளவு மேலே தண்ணீர். நீளக் கம்பில் தகர டப்பா கட்டி மொள்ளுகிறார். குடிக்க மழைத் தொட்டி, மற்ற எல்லாவற்றுக்கும் கிணறு. கோடையில் தொட்டி வற்றினால் குடிக்கவும் அதுதான். இங்கே ஒரு வீட்டுக் கிணற்றுக்கு இன்னொரு வீட்டுக்காரர் கேட்காமலே போகலாம். யாரும் ஏன் என்பதில்லை.

கிணற்றடியில் மிளகாய்ச் செடிகள், ஒரு பப்பாளி. சுனாமியில் இந்தக் கிணறு உப்பாகிப் போனதாம். இறைத்து இறைத்து ஊற்றி, மழைக்கு மழை பார்த்து, நல்ல தண்ணீராக வருடக்கணக்கு ஆனதாம். "பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட மாதிரி பாத்தேன்" என்றார்.

நானும் நாகப்பட்டினத்துக் கதையைச் சொன்னேன். மாமியின் பையைப் பற்றிச் சொன்னேன். "நானும் வச்சிருந்தேன்" என்றார். 

3 பிப்ரவரி, ஞாயிறு

முதலாளி இவரிடம் சொல்லிவிட்டாராம்: மாடிக் கட்டடம் திறப்பதற்குள் தண்ணீர்ப் பிரச்சினையை முடித்துக் கொடு, உனக்குக் குடும்பத்தோடு தங்க அறை, அவர்களுக்கு விசா. அனீஸாவை இங்கேயே பள்ளியில் போடலாம்.

விருந்தாளிகள் கடலில் இறங்கி ஏறும்போதெல்லாம் வந்து நல்ல தண்ணீரில் குளிக்கிறார்கள். கெஸ்ட் ஹவுஸ் கிணறு தாங்கவில்லை, வருகிற தண்ணீரும் லேசாகக் கரிக்கிறது.

இவருக்குச் சந்தோஷம் தாளவில்லை. "இது ஒரு பிரச்சனையா புள்ள? நம்மூர்ல பாக்காததா? பைப்ப இன்னும் கீழ இறக்குனா நல்ல தண்ணி. பஞ்சநதம் கூட நின்னு கத்துக்கிட்ட வேலை."

நானும் சிரித்தேன். "மாமி சொன்ன வாய் முகூர்த்தம்" என்றேன்.

7 பிப்ரவரி

மணல்தானே, கையாலேயே பைப் இறக்கிவிட்டார்கள். பெரிய மோட்டார். தண்ணீர் கொட்டுகிறது. நல்ல தண்ணீர்! அனீஸா அத்தா தோளில் உட்கார்ந்து நனைந்தாள். இரண்டு வருடமாக நான் பார்க்க நினைத்த காட்சி.

8 பிப்ரவரி

இன்றும் நல்ல தண்ணீர். அல்ஹம்துலில்லாஹ்.

19 பிப்ரவரி, செவ்வாய்

அனீஸா குளிக்கும்போது உதட்டை நக்கிவிட்டு "உப்பும்மா" என்றாள். கடலில் விளையாடிய உப்பு என்று நினைத்தேன். பிறகு நானும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

இல்லை, பிரமை. எனக்கு எல்லாவற்றிலும் பயம். மாமி சொல்வது சரிதான், நான் பயப்பட ஒன்றும் கிடைக்காவிட்டால் அதற்கும் பயப்படுவேன்.

23 பிப்ரவரி, சனி

பிரமை இல்லை. சஃபியாவின் மிளகாய் இலை ஓரமெல்லாம் தீய்ந்திருக்கிறது. ஊரில் இறால் குட்டைக்குப் பக்கத்து வயலில் நாற்று இப்படித்தான் முதலில் ஓரம் தீயும்.

கெமிஸ்ட்ரி படித்தவள். லேபில் சில்வர் நைட்ரேட் சொட்டுவிட்டு, தண்ணீர் பால் மாதிரி வெளுத்தால் உப்பு என்று எழுதி மார்க் வாங்கியவள். ஆனால் யோசிக்க வேண்டிய நேரத்தில் யோசித்தேனா? இது கையகல மணல். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீர் மேலே மெல்லிசாக மிதக்கிறது. அவ்வளவுதான் இந்தத் தீவின் நல்ல தண்ணீர். நம் ஊரில் கீழே போனால் ஆறு கொண்டுவந்து சேர்த்தது இருக்கும். இங்கே கீழே என்ன இருக்கும்? கடல்தானே இருக்கும்!

இவரிடம் சொன்னேன்.

"மோட்டார நிறுத்துங்க."

"நிறுத்துனா? ரூம்ல எட்டு பேர் இருக்காங்க."

"பக்கத்துல கிணறு உப்பாவுதுங்க."

"அதான் எனக்கும் தெரியுது. இன்னும் ரெண்டு பைப் இறக்குறேன், சரியாயிடும்."

"கீழ போகப் போக கடல்தாங்க இருக்கு."

"நாகப்பட்டினத்துக்காரனுக்குத் தண்ணியப் பத்தி நீ பாடம் எடுக்குறியா?"

அனீஸா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.

25 பிப்ரவரி

இன்னும் இரண்டு பைப் இறக்கிவிட்டார்கள்.

1 மார்ச், வெள்ளி

பள்ளிவாசல் கிணறும் கரிக்கிறதாம். தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவி ஒளு செய்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு வந்தார்கள் என்று இவரே சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கெஸ்ட் ஹவுஸுக்குப் படகில் கேன் தண்ணீர் வருகிறது. ஷவருக்கு மட்டும் மோட்டார் ஓடுகிறது. வெள்ளைக்காரர்கள் கடல் தண்ணீர் தோலுக்கு நல்லது என்கிறார்களாம்.

தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். இந்தப் பக்கம் குப்பை எரிகிற புகை. அனீஸா இருமுகிறாள். உடம்பெல்லாம் அரிப்பு, சொறிந்து சொறிந்து சிவந்திருக்கிறது. மழைத் தொட்டித் தண்ணீரில் துடைத்துவிட்டேன். அதுவும் சஃபியாவின் தொட்டி. "பிள்ளைக்குத்தானே, எடு" என்றார்.

எடுத்தேன். எப்படி எடுத்தேன்?

4 மார்ச், திங்கள்

இன்று சஃபியா வீட்டு வாசலில் பை.

பழைய துணிப் பை, வாய் இறுக்கிக் கட்டியது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுனாமியப்பவும் கிணறுதான் முதல்ல கெட்டுச்சு. கடல் அடியில வந்துட்டிருக்கு சபிஹா. எனக்குத் தெரியுது. தூக்கமே இல்ல. நீ பிள்ளைய வச்சிருக்க, நீயும் ஒரு பை கட்டி வை."

என்னைக் கட்டி வைக்கச் சொல்கிறார். இரண்டு பிஸ்கட் பாக்கெட்டும் அந்தப் பையில் போட்டிருக்கிறார், அனீஸாவுக்காம்.

மோட்டாரை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நானே சஃபியாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று இவரிடம் மறுபடியும் சொன்னேன். கெஞ்சினேன். பதில்: "சொல்லு. போய்ச் சொல்லு. நாளைக்கே என்னை அனுப்பிடுவாங்க. அப்புறம் நான் துபாய், நீ கீழ்வேளூர். அவ மறுபடி கம்ப்யூட்டர்ல என்னைப் பாக்கட்டும்."

அதைச் சொன்னபோது அவருக்குக் குரல் உடைந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஊரில் சரியாக இருந்ததை இங்கே செய்தார், எங்களைப் பிரியாமல் வைத்துக்கொள்ளச் செய்தார். அதுதான் என்னைக் கொல்லுது. கெட்டவரா இருந்தா இவ்வளவு யோசிப்பேனா?

ஆனா அந்தப் பொம்பள தூங்காம உக்காந்திருக்காளே. வராத கடலுக்கு.

5 மார்ச், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு போனேன். சஃபியா மீன் அலசிக்கொண்டிருந்தார். கிணற்று விளிம்பில் உட்கார்ந்தேன். "கடல் வரல லாத்தா. நாங்கதான் கொண்டுவந்தோம்" என்றேன். பைப், மோட்டார், கீழே இறக்கியது எல்லாவற்றையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். புரியவில்லையோ என்று மணலில் படம் போட்டேன்.

புரிந்துவிட்டது. எழுந்து உள்ளே போனார். வாசலில் இருந்த பையை எடுத்தார், பிரித்தார், துணியை ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தார். பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார். அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது.

 கதவைச் சாத்திக்கொண்டார். பகலில் இந்தத் தீவில் யாரும் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

8 மார்ச், வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு தீவு கவுன்சிலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலாளி எல்லோர் முன்னாலும் "நான் சொல்லவேயில்லை, இந்த இந்தியாக்காரன் தானாகச் செய்தான்" என்றார். பாசித் நினைத்திருந்தால் மறுத்திருக்கலாம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டாரை அவிழ்த்தார். பைப்பை மற்றவர்களோடு சேர்ந்து அவரே உருவினார். குழியைச் சிமெண்ட் போட்டு அடைத்தார். தெருவே நின்று பார்த்தது.

சஃபியாவும் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. அனீஸா, லாத்தா என்று வராமல், "தாத்தீ" என்று அவரிடம் ஓடினாள். அவளைத் தூக்கினார், கொஞ்ச நேரம் வைத்திருந்தார், இறக்கிவிட்டார்.

13 மார்ச்

படகு. வேலை போய் ஊர் திரும்புகிறோம், இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் பிள்ளை. தூரத்தில் பார்த்தால் இப்போதும் அதே அழகு. படகு மாறும் இடத்தில், அந்தத் தீவுக்குப் போகக் காத்திருந்த ஒரு புது ஜோடி உற்சாகத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னிடம் கேட்டாள், தீவு எப்படி என்று. ரொம்ப அழகு என்றேன். தண்ணீரைக் கொஞ்சமாகச் செலவழித்துக் குளியுங்கள் என்று சொல்ல ஆங்கிலம் வந்தது, வாய் வரவில்லை.

2 ஏப்ரல்
கீழ்வேளூர்

எங்கள் இரண்டு பேருக்குள் பேச்சு இல்லை. "சோறு வை", "தண்ணி குடு", அவ்வளவுதான். மாமி என்னிடமும் கேட்கவில்லை, அவரிடமும் கேட்கவில்லை. எல்லாம் தெரியும் என்பது பரிமாறும் விதத்தில் தெரிகிறது.

26 மே

பஞ்சநதம் வீட்டுக்கு வந்தார். "தம்பி சும்மாதானே இருக்கு, போர் வண்டிக்கு வரட்டுமே. கை தெரிஞ்ச ஆள்." இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

சஃபியாவுக்கு மூன்று மெசேஜ் அனுப்பிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அங்கே இப்போது மழைக்காலம் தொடங்கியிருக்கும்.

19 ஆகஸ்ட், திங்கள்

மேட்டூரில் திறந்த தண்ணீர் இன்று நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. செம்மண் நிறத்தில், குப்பையைத் தள்ளிக்கொண்டு. ஊரே கரையில் நின்றது. அனீஸா அத்தா தோளில் இருந்தாள். இவருக்குக் கத்தாருக்கு விசா வந்திருக்கிறது, பெருநாள் முடிந்ததும் சொன்னார்கள். அடுத்த மாதம் பயணம். நாங்கள் இல்லாமல்.

இவர் அவளை இறக்கிவிட்டு, குனிந்து ஒரு கை தண்ணீர் எடுத்தார். நாக்கில் வைத்தார். வாய்க்கால் தண்ணீரை யாராவது ருசி பார்ப்பார்களா? பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அந்த அம்மா ஏதாச்சும் பதில் போட்டாங்களா?"

மார்ச்சுக்குப் பிறகு இவர் அந்தத் தீவைப் பற்றிக் கேட்ட முதல் வார்த்தை. இல்லை என்றேன். "நான் கேட்டேன்னும் சேத்து எழுது" என்றார்.

எழுதுகிறேன். காலையில் அனுப்புவதற்கு முன் இங்கே எழுதிப் பார்க்கிறேன்:

லாத்தா, அங்க நல்ல மழையா? கிணத்துத் தண்ணிய ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்து எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. எங்களை மன்னிக்கணும்னு கேக்கல. அனீஸா அத்தாவும் கேக்கச் சொன்னாங்க. இன்னும் உப்புன்னாலும் உப்புன்னே எழுதுங்க. சீக்கிரம் பதில் போடுங்க.