பதிலுக்கு ஒண்ணு

அன்புள்ள அம்மா,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா?

நேத்து எங்க ஆராய்ச்சிக்காக காட்டுக்குள்ளேயே 'அறிவுப் பரிமாற்றக் கூட்டம்' வெச்சாங்க. எந்த மாசம் சருகுக்குத் தீ வெச்சா காடு பிழைக்கும்னு அங்கே இருக்கிற சனங்க விலாவாரியா சொன்னாங்க. எங்க பேராசிரியர் எல்லாத்தையும் பதிவு பண்ணிக்கிட்டு, "நன்றி"ன்னு எழுந்துட்டார்! கேட்டவங்களும் பதிலுக்கு ஒண்ணு சொல்லணும்ங்கிறது அவங்க வழக்கம். காத்துக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "இதுக்குப் பேர் பரிமாற்றமா சார்? பகல் கொள்ளை!"ன்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். பயப்படாதே, முறைச்சதோட விட்டுட்டார்.

உடனே அங்கிருந்த ஒரு அக்கா, "அப்ப நீ சொல்லு"ன்னாங்க. "எங்க அம்மாகிட்டே ஒரு மர வைத்தியம் இருக்கு, கேட்டுச் சொல்றேன்"னு வாக்குக் கொடுத்திருக்கேன்.

நம்ம எலுமிச்சை மரம் காய்க்காம நின்னப்போ நீ என்ன செஞ்சே? சீக்கிரம் எழுதும்மா. தபால் கொண்டுபோற பஸ் வந்துடுச்சு. மரத்தைத் திட்டின திட்டையும் விடாம எழுது, கேட்டு நாளாச்சு.

உன் மகள்